ஆகாயத்தில் ஒரு பரீட்சை

கம்பைநல்லூரிலிருந்து நேயர் ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பேத்திக்கு ஆகாய விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை பிறந்திருக்கிறதாம். பௌதிகத்திலும் கணிதத்திலும் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள். தகப்பனார் சம்மதித்துவிட்டார். தாயார் அரைச் சம்மதம். பாட்டியார் மட்டும், "பெண் குழந்தையை மேகத்துக்கு மேலே அனுப்பிவிட்டு நான் கீழே எப்படிக் கண்ணை மூடுவேன்?" என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறாராம். பெரியவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். விமானம் ஓட்டுகிறவர்களுக்குப் பரீட்சை நடத்துகிற மனிதர் யார்? அவருடைய கையெழுத்தை நம்பலாமா? கற்றுக்கொள்வதற்கென்று கொடுக்கும் விமானம் எப்படிப்பட்டது?

கேள்விகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. இந்த உத்தியோகத்தைப் பற்றி விசாரிக்கிறவர்கள் சாதாரணமாய்ச் சம்பளத்தைத்தான் முதலில் விசாரிப்பார்கள். இவரோ உபாத்தியாயரைப் பற்றியும் வாகனத்தைப் பற்றியும் கேட்கிறார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது மாப்பிள்ளையின் வருமானத்தைக் கேட்காமல் அவன் குணத்தை விசாரிக்கிற மனிதர் போலும்! ஆகையால் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லத் துணிகிறேன்.

ஆதியில் பரீட்சை என்ற தொல்லையே இல்லை. 1910-ஆம் வருஷம் சென்னை மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திவந்த தாஞ்செலிஸ் என்பவர் சொந்தமாக ஒரு விமானத்தைக் கட்டச் செய்து, பல்லாவரத்து வெளியில் பறந்து காட்டினார். அவருக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை. பல்லாவரத்துக் கட்டாந்தரைதான் வைத்தது. நல்ல வேளையாக அவர் தேறிவிட்டார். அப்படித் தேறாதவர்கள் எல்லாத் தேசங்களிலும் ஏராளமாக இருந்தார்கள்.

முதல் உலக யுத்தம் முடிந்ததும், 1919-இல் பாரிஸ் நகரத்தில் கூடிய தேசங்கள் ஆகாயப் போக்குவரத்தைப் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் அநுபந்தத்தில் விமானிகளுக்கு உரிய பரீட்சைகளும் எழுதப்பட்டன. அவற்றைப் படித்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. மாணாக்கன் விமானத்தில் தன்னந்தனியாக ஏற வேண்டும். தரையில் 500 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்கள் நட்டிருக்கும். அவற்றைச் சுற்றி எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் ஐந்து தடவை வட்டமிட வேண்டும். (ஆங்கில எட்டு. நம் பழைய தமிழ் எட்டாகிய 'அ' என்பதை நினைத்துக்கொண்டு வளைந்தால் கம்பம் போய்விடும்.) உயரம் 200 மீட்டருக்கு மேல் போகக் கூடாது; தரையையும் தொடக் கூடாது. இறங்கும்போது, புறப்படும் முன் தானே குறித்துவைத்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் வந்து நிற்க வேண்டும். இன்னொரு பரீட்சையில், 1,500 மீட்டர் உயரத்தில் யந்திரத்தை அடக்கிவிட வேண்டும். பிறகு அதைத் தொடாமல் பருந்து இறங்குவதுபோல் சறுக்கிவந்து, பரீட்சாதிகாரிகள் காட்டிய இடத்துக்கு 150 மீட்டருக்குள் இறங்க வேண்டும்.

இந்த விதிகளில் ஒரு விசேஷம் உண்டு. பரீட்சாதிகாரி தரையில் நிற்கிறார்! மாணாக்கன் மேலே, அவர் கீழே, தலையை அண்ணாந்துகொண்டு. பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை. மார்க்குப் போடலாம், அல்லது ஓடிப்போய்த் தூக்கலாம். இவ்விரண்டுக்கும் நடுவே அவருக்கு வேறு வேலை இல்லை.

இத்தகைய விதிகள் நடந்த காலத்தில்தான் நம் தேசத்தில் விமானச் சங்கங்கள் தோன்றின. 1928-ஐ ஒட்டி டில்லி, பம்பாய், கராச்சி, கல்கத்தா நகரங்களில் ஸர்க்கார் உதவியோடு சங்கங்கள் ஆரம்பமாயின. சென்னையில் கொஞ்சம் பின்னால், 1930-க்கு முன்பின்னாக, மீனம்பாக்கத்தில் சென்னை விமானச் சங்கம் வேலை தொடங்கிற்று. உபாத்தியாயர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் ஆகாயப் படையிலிருந்து விலகிவந்த வெள்ளைக்காரர்கள். விமானம், டி ஹாவிலண்டு கம்பெனியார் செய்த 'மாத்' வகை: மரமும் துணியும் பசையும் சேர்ந்த, இரட்டை அடுக்கு இறக்கை உள்ள, வெகு சாதுவான பிராணி. இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாம் நெம்பர் விமானி உரிமம் 1929 பிப்ரவரி 10-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டாவுக்குக் கிடைத்தது என்பதைப் பலரும் அறிவார்கள். அவரும் அந்தப் பம்பாய்ச் சங்கத்துப் பிள்ளைதான். மூன்று வருஷத்துக்கெல்லாம், 1932 அக்டோபர் 15-இல், கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே தபால் கொண்டுவந்து, இந்தியர் ஒருவர் நடத்தும் ஆகாயத் தபாலுக்குப் பிள்ளையார் சுழி போட்டார். பம்பாயிலிருந்து அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளியான நெவில் வின்ஸென்ட்.

அந்தக் காலத்து வாலிபர்களுக்கு வெள்ளைக்காரப் பரீட்சாதிகாரியின் சர்டிபிகேட்டு போதவில்லை. தேசத்துக்குத் தாங்களே ஒரு பரீட்சை கொடுத்துக்கொள்ளத் துடித்தார்கள். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தன்னந்தனியாக, ஒரு மாதத்துக்குள் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் என்று ஆகா கான் ஒரு பரிசு ஏற்படுத்தினார். 1930-இல் மூன்று பேர் கோதாவில் இறங்கினர். டாட்டா கராச்சியிலிருந்து மேற்கே புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினீயர் என்ற பதினேழு வயதுப் பையன் இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்தான். மன்மோகன் ஸிங்கும் அப்படியே வந்தார். கெடு தாண்டிவிட்டதால் அவருக்குப் பரிசு இல்லாமற் போயிற்று. எகிப்து தேசத்தில் அபூக்கிர் என்ற இடத்தில் ஆஸ்பி, யந்திரத்துக்கு வேண்டிய 'ஸ்பார்க் பிளக்' இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தான். எதிர்த்திசையில் வந்து இறங்கிய டாட்டா தம்மிடம் மிச்சமிருந்த பிளக்குகளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பையன் சில மணி நேர வித்தியாசத்தில் டாட்டாவை ஜயித்துவிட்டான். பிற்காலத்தில் இந்திய ஆகாயப் படைக்குத் தலைவனும் ஆனான். மன்மோகன் ஸிங்கோ இரண்டாவது யுத்தத்தில் கடல் விமானம் ஓட்டப் போய், 1942 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் ப்ரூம் துறைமுகத்தை ஜப்பானியர் தாக்கியபோது உயிர் துறந்தார்.

இனி, தரையில் நின்றுகொண்டிருந்த பரீட்சாதிகாரியை விமானத்துக்குள் ஏற்றுவோம்.

1917-இல், இங்கிலாந்தில் காஸ்போர்ட் என்ற இடத்தில் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். அதற்குமுன் மாணாக்கனுக்கு ஆபத்தைக் காட்டாமல் காப்பாற்றுவதே உபாத்தியாயரின் தர்மம் என்று எண்ணியிருந்தார்கள். ஸ்மித்-பாரி அதைத் தலைகீழாக்கினார். ஆபத்துக்குள்ளே அழைத்துக்கொண்டு போ, அதிலிருந்து வெளியே வரக் கற்றுக்கொடு என்றார். இருவருக்கும் ஒரே மாதிரி இயக்கு கருவிகள். நடுவே பேசுவதற்கு ஒரு ரப்பர்க் குழாய். அந்தக் குழாய்க்குக் காஸ்போர்ட் குழாய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு முனையில் உபாத்தியாயரின் வாய். மறு முனையில் மாணாக்கனின் காது. உபதேசம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அகப்படாது.

இந்த முறைக்கென்றே பிறந்தது போன்ற விமானம் 'டைகர் மாத்'. 1931 அக்டோபரில் முதலில் பறந்தது. எங்கள் தலைமுறையில் விமானத்தைப் படத்தில் மட்டும் பார்த்த குழந்தைகளும் இரண்டு அடுக்கு இறக்கை போட்டுத்தான் வரைவார்கள். அது இந்த டைகர் மாத்தின் திருவுருவமே. இதற்கு முந்திய மாத் வகையில், முன் ஆசனத்துக்கு மேலேயே இறக்கையும் அதைத் தாங்கும் கம்பிகளும் குறுக்கே நின்றன. ஆபத்தில் முன் ஆசனத்துக்காரர் பாராசூட்டோடு வெளியே குதிப்பது கஷ்டம். முன் ஆசனம் உபாத்தியாயருடையது. ஆகவே மேல் இறக்கையை முன்னே நகர்த்தினார்கள். அதனால் பாரம் ஒப்பாமல் போகவே, இறக்கைகளின் நுனியைப் பின்னால் சாய்த்தார்கள். டைகர் மாத்தின் அந்த அழகான பின் சாய்வு சிற்பியின் கற்பனையில் உதித்ததன்று. உபாத்தியாயர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது.

அதில் ஏறுவதே ஒரு வைபவம். தானாகக் கிளம்பும் பொறி கிடையாது. தரையில் ஒருவர் நின்று, முன்னால் உள்ள சுழல் விசிறியைக் கையால் பிடித்துச் சுழற்ற வேண்டும். "ஸ்விட்ச் ஆஃப்!" என்று அவர் கூவுவார், உள்ளே இருப்பவர் அதையே திருப்பிக் கூவ வேண்டும். பிறகு "கான்டாக்ட்!" இந்த இரண்டு வார்த்தைகளில் தடுமாறினால் கீழே நிற்பவரின் கை போய்விடும். ஆகவே பரீட்சை ஆகாயத்தில் ஆரம்பிப்பதில்லை. மாணாக்கன் கீழே நிற்கிற தொழிலாளியைப் பார்த்து எப்படிப் பேசுகிறான் என்பதிலேயே நல்ல பரீட்சாதிகாரி பாதி மார்க்கைப் போட்டுவிடுவார்.

பிரேக்கும் கிடையாது. வால் பக்கத்தில் சக்கரத்துக்குப் பதில் ஒரு கட்டை. அது தரையில் உராய்ந்து நிறுத்தும். பெட்ரோல் தொட்டி தலைக்கு மேலே, மேல் இறக்கையின் நடுவில். எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பதைக் காட்ட, தொட்டியின் மேல் ஒரு கண்ணாடிக் குழலுக்குள் மிதவைக் குச்சி ஏறி இறங்கும். மாணாக்கன் பின் ஆசனத்தில் உட்காருவான். முன்னால் தெரிவது உபாத்தியாயரின் தலைக் குல்லாய். அந்தக் குல்லாயின் அசைவிலிருந்தே தன் பிழைகளைப் படித்துக்கொண்டவர்கள் உண்டு. டைகர் மாத்தை ஓட்டுவது சுலபம். நன்றாக ஓட்டுவது கடினம் என்று பழைய விமானிகள் சொல்வது வழக்கம். அது பிழையை மறைக்காது. வளைவில் கால் மிதி கொஞ்சம் பிசகினால் காற்று பக்கவாட்டிலிருந்து முகத்தில் அறைந்து சொல்லிவிடும். அதே சமயத்தில் பிழைக்காகக் கொன்றும் விடாது. கற்றுக்கொடுக்கும் விமானத்துக்கு இந்த இரண்டு குணமும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது. இதைப் பின்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாவது யுத்தத்தின்போது ஹைதராபாத் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் நூற்றுக்கணக்கான இந்திய வாலிபர்கள் இந்த டைகர் மாத்தில்தான் பறக்கக் கற்றார்கள். யுத்தம் முடிந்தபின் அதே விமானங்கள் நம் விமானச் சங்கங்களுக்கு வந்து சேர்ந்தன. 1950-களிலும் மீனம்பாக்கத்தில் அவை பறந்துகொண்டிருந்தன.

அப்போதும் சரி, இப்போதும் சரி, எந்த விமானமாயிருந்தாலும் ஒரு பரீட்சை மட்டும் மாறவில்லை. கம்பைநல்லூர்ப் பெரியவருக்கு விளங்கும்படி அதை அவருடைய ஊருக்கு மேலேயே நடத்திக் காட்டுகிறேன்.

காலை வேளை. இரண்டாயிரம் அடி உயரம். பேத்தி விமானம் ஓட்டுகிறாள். கீழே தென்பெண்ணை மணல் வெளுத்துத் தெரிகிறது. பரீட்சாதிகாரி ஏதோ சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வருகிறார். அவள் பதில் சொல்ல வாயெடுக்கும் சமயத்தில் அவருடைய கை மெதுவாக நகர்ந்து த்ராட்டில் பிடியை முழுவதும் பின்னுக்கு இழுத்துவிடுகிறது. யந்திரத்தின் இரைச்சல் அடங்கிப்போகிறது. காற்றின் ஓசைதான் கேட்கிறது. "உன் யந்திரம் நின்றுவிட்டது, அம்மா! எங்கே இறங்கப் போகிறாய்?"

அவ்வளவுதான் கேள்வி. விடைத்தாள் கீழே விரிந்து கிடக்கிறது. முதல் காரியம், மூக்கைத் தாழ்த்தி விமானத்தின் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்வது. பயந்தவன் கை இதற்கு நேர்மாறாக மூக்கைத் தூக்கத்தான் போகும். அடுத்தபடி, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது? அடுப்புப் புகை சொல்லும். ஏரித் தண்ணீரின் சுருக்கம் சொல்லும். கொடியில் உலர்கிற புடைவை சொல்லும். பிறகு இடம். ஆற்று மணல் மெத்தைபோல் தோன்றும். சக்கரம் புதைந்து விமானம் குப்புற விழுந்துவிடும். தென்னந்தோப்பு உதவாது. புளியமரம் வரிசையாக நிற்கும் சாலை, தர்மபுரிச் சீமையில் எங்கு பார்த்தாலும் உண்டு, அதுவும் உதவாது. அறுவடையான நிலக்கடலைக் கொல்லை நல்லது. ஆனால் உழுத கொல்லையானால் சாலை நெடுகத்தான் இறங்க வேண்டும், குறுக்கே இறங்கினால் கவிழ்ந்துபோகும். பாறை எங்கே துருத்திக்கொண்டிருக்கிறது? மின்சாரக் கம்பி எங்கே போகிறது? கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பங்களைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். இவ்வளவையும் யோசித்து முடிக்கச் சுமார் இரண்டு நிமிஷம் அவகாசம். தரை நெருங்கி, கொல்லையில் நிற்கிற ஆடு ஆடாகத் தெரியும் உயரத்தில், இறங்கியிருந்தால் பிழைத்திருப்பாளா இல்லையா என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. "சரி, மேலே போ" என்கிறார். யந்திரம் மறுபடி முழங்குகிறது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தபின் மனத்தை மாற்றிக்கொள்கிறவர்கள்தான் இந்தப் பரீட்சையில் அதிகமாகத் தோற்கிறார்கள். சுமாரான கொல்லையைத் தீர்மானித்து அதிலேயே இறங்குகிறவன் பிழைப்பான்; அதைவிட நல்ல கொல்லை அப்பால் தெரிகிறதே என்று திரும்புகிறவன் இரண்டையும் அடையமாட்டான்.

இன்னொன்று சுழல் வீழ்ச்சி. விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறி நிமிர்த்தினால் இறக்கைகள் காற்றின் பிடியை இழந்துவிடும். ஒரு பக்கத்து இறக்கை அதிகமாக இழந்தால், விமானம் பம்பரம்போல் சுழன்றுகொண்டே தலைகீழாக இறங்கும். சுழலுக்கு எதிர்ப்பக்கத்துக் காலை அழுத்தி, கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கும்போது பூமியை நோக்கியே தள்ளுவது! இயற்கையான புத்தி அதற்கு இணங்காது. அந்த இணக்கத்தை உண்டாக்குவதே உபாத்தியாயரின் தொழில். உண்டாகிவிட்டதா என்று பார்ப்பது பரீட்சாதிகாரியின் தொழில்.

சுதந்திரம் வந்தபோது நம்மிடம் மாணாக்கர்கள் இருந்தார்கள், விமானங்கள் அந்நிய நாட்டவை. வால்சந்த் ஹீராசந்த் 1940 டிஸம்பரில் பெங்களூரில் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை யுத்த காலத்தில் பெரும்பாலும் பழுது பார்க்கும் பட்டறையாக இருந்தது. அங்கே டாக்டர் வி. எம். காட்கே என்ற மேதையின் தலைமையில் இந்தியர்களே திட்டமிட்டு, இந்தியர்களே கட்டிய முதல் பயிற்சி விமானம் எச்.டி.-2 என்பது. 1951 ஆகஸ்டில் காப்டன் ஜம்ஷெட் முன்ஷி அதை முதன்முதலாக ஓட்டினார். முழுவதும் உலோகம், ஒரே அடுக்கு இறக்கை, தலைக்கு மேல் கண்ணாடி மூடி. எத்தனையோ வருஷம் நம் ஆகாயப் படைப் பிள்ளைகள் அதில்தான் அரிச்சுவடி படித்தார்கள். 1959-இல் ஆப்பிரிக்காவில் கானா நாடு தனக்கென்று ஆகாயப் படை அமைத்தபோது, விமானமாக எச்.டி.-2-ஐயும் உபாத்தியாயர்களாக இந்தியர்களையும் நாடிற்று. அந்நிய உபாத்தியாயரின் குல்லாயைப் பார்த்துக்கொண்டு பின் ஆசனத்தில் உட்கார்ந்த தேசம், முப்பது வருஷத்துக்குள் முன் ஆசனத்துக்கு வந்துவிட்டது. இதில் நாம் பெருமை கொள்வதில் தவறில்லை.

விமானச் சங்கங்களுக்கென்று அதே தொழிற்சாலை 'புஷ்பக்' என்ற சிறு விமானத்தைச் செய்தது. 1958-இல் முதலில் பறந்தது; சுமார் 160 கட்டினார்கள். யந்திரத்தின் சக்தி 90 குதிரை. ராவணனின் புஷ்பகத்தில் எத்தனை பேர் ஏறினாலும் ஒருவருக்கு இடம் மீதி இருக்குமாம். இதில் இரண்டு பேருக்குமேல் இடமில்லை. அந்த இருவரும் நெருக்கித்தான் உட்கார வேண்டும். அக்கம்பக்கமாக! டைகர் மாத்தில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த பரீட்சாதிகாரி, புஷ்பக்கில் முழங்கை இடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டார். மாணாக்கனின் கை நடுங்குவதும் நெற்றி வியர்ப்பதும் அவருக்குத் தெரியும். அவர் பெருமூச்சு விட்டால் மாணாக்கனுக்கும் கேட்கும். எது நல்லதென்று எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. ஆனால் முதுகைப் பார்த்துக் கற்றவர்கள் சீக்கிரம் தன் காலில் நின்றார்கள் என்றே ஊகிக்கிறேன்.

பறக்கத் தெரிந்தவனெல்லாம் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவன் ஆகமாட்டான் என்பதையும் நம்மவர்கள் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். உபாத்தியாயர்களுக்கே உபாத்தியாயம் பண்ணுவதற்காக 1948 ஏப்ரலில் அம்பாலாவில் ஒரு பள்ளி ஏற்பட்டது. 1954-இல் அது நம் தாம்பரத்துக்கு வந்து இன்றுவரை நடந்துவருகிறது. அங்கே மாணாக்கனாக வருகிறவர் நன்றாகப் பறக்கத் தெரிந்த அதிகாரி. அவர் பறந்துகொண்டே வாயால் விளக்கவும் வேண்டும். எதிரிலிருப்பவன் செய்யப்போகும் பிழையை அவன் செய்வதற்கு முன்னால் அறியவும் வேண்டும். அறிந்தும் எதுவரை கையை நீட்டாமல் இருக்கலாம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். தேறி வெளியே போனபிறகும் விட்டபாடில்லை. பரீட்சைக்கென்றே ஆகாயப் படையில் உள்ள தனிச் சபையார் திரும்பத் திரும்ப வந்து உபாத்தியாயர்களைச் சோதித்துத் தரம் பிரிப்பார்கள். 'ஏ-1' என்ற தரத்தை எட்டியவர்கள் எப்போதும் வெகு சிலரே.

பெண் குழந்தை என்று தயங்கும் பாட்டியாருக்கு ஒரு வார்த்தை. லாகூரில் ஸரளா துக்ரால் என்ற இருபத்தொரு வயதுப் பெண்மணி, 1936-இல், புடைவை கட்டிக்கொண்டே ஜிப்ஸி மாத் விமானத்தில் தனியாகப் பறந்தார். நமக்கு இன்னும் அருகில் உஷா சுந்தரம் அம்மையார். இவருடைய கணவர் காப்டன் சுந்தரம், பெங்களூர் ஜக்கூரில் மைசூர் ஸர்க்கார் ஏற்படுத்திய விமானப் பள்ளிக்குத் தலைவராக இருந்தார். அந்தப் பள்ளியில் 1949-இல் தேறிய முதல் ஆள் இந்த அம்மையார்தான். 1951-இல் சென்னை ஸர்க்காருக்காக ஒரு 'டவ்' விமானம் வாங்கவேண்டி வந்தபோது தம்பதிகள் இங்கிலாந்துக்குப் போய், அதைத் தாங்களே 27 மணி நேரப் பறப்பில் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சம்சாரம் என்ற வண்டியை இருவரும் சேர்ந்து இழுப்பதாகச் சொல்வார்கள். இவர்கள் இழுத்தது இரண்டு யந்திரங்கள் உள்ள விமானம்.

இதுவரை சொன்னது சந்தோஷமான பகுதி. பெரியவர் நம்பலாமா என்று கேட்டிருப்பதால் மற்றதையும் சொல்லாமலிருக்க முடியாது.

எச்.டி.-2-க்குப் பின்வாரிசாக நம் தொழிற்சாலை எச்.பி.டி.-32 என்ற விமானத்தைச் செய்தது. 'தீபக்' என்று அழகான பெயர். 1977-இல் முதலில் பறந்தது. 1980-களில் ஆகாயப் படைக்கு வந்தது. யந்திரம் பறக்கும்போதே நின்றுபோகிற வியாதி அதற்கு இருந்தது. நின்றபின் நெடுந்தூரம் சறுக்கிப் போகும் சக்தியும் போதாது. மேலே கம்பைநல்லூர்க் கொல்லையில் நடத்திக் காட்டிய பரீட்சை, இந்த விமானத்தில் பரீட்சையாக இல்லாமல் உண்மையாகவே நேர்ந்தது. பேத்திக்குக் கிடைத்த இரண்டு நிமிஷமும் கிடைக்கவில்லை. பதினேழு விபத்துகளில் 19 பேர் மாண்டார்கள். கடைசியாக 2009 ஜூலை 31-இல் ஹைதராபாத் பக்கத்தில் விழுந்த விமானத்தில் இருந்த இருவரும் அநுபவம் மிக்க உபாத்தியாயர்கள். அதன்பிறகே அதை நிறுத்தினார்கள். நிறுத்தியபின் கையில் வேறு விமானம் இல்லை. பிள்ளைகள் நேரே ஜெட் விமானத்தில் அரிச்சுவடி படிக்கும்படி ஆயிற்று. 2013-இல் ஸ்விட்ஸர்லாந்திலிருந்து 'பிலாட்டஸ்' விமானங்கள் வந்துசேரும் வரையில் அந்த நிலைதான்.

சுதேசி என்பதற்காகக் குறையுள்ள கைராட்டையை மன்னிக்கலாம். நூல் அறுந்தால் முடிந்துகொள்ளலாம். விமானத்தை மன்னிக்கலாகாது. அந்த விமானத்தை ஓட்டியவர்கள் பல வருஷங்களாக முறையிட்டும், அதைச் சீக்கிரம் நிறுத்தாமற்போனது தேசபக்தி என்று யாராவது சொன்னால் எனக்குச் சம்மதமில்லை. டைகர் மாத் வெள்ளைக்காரன் செய்தது. அதன் உருவமே உபாத்தியாயரின் உயிருக்காக மாறியது என்பதை நினைத்துக்கொண்டால் எனக்கு வெட்கமாயிருக்கிறது. நல்ல வேளை, பெங்களூர் தொழிற்சாலையார் விட்டுவிடவில்லை. அவர்கள் புதிதாகச் செய்த எச்.டி.டி.-40 என்ற விமானம் 2016-இல் பறந்தது. 2023 மார்ச்சில் எழுபது விமானங்களுக்கு ஸர்க்கார் ஒப்பந்தம் கொடுத்தார்கள். சுழல் வீழ்ச்சிப் பரீட்சை உள்பட எல்லாவற்றையும் நிதானமாக நடத்திப் பார்த்தபிறகே கொடுத்தார்கள் என்பது ஆறுதலான விஷயம்.

விமானம் பொய் சொன்னால் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். காகிதம் பொய் சொன்னால் வெகு நாள் தெரியாது. 2011-ஆம் வருஷம் போலி மார்க்குச் சீட்டைக் காட்டிப் பெரிய விமானங்களை ஓட்டும் உரிமம் பெற்றவர்கள் சிலர் நம் தேசத்தில் பிடிபட்டார்கள். அதையொட்டிப் பல பயிற்சிப் பள்ளிகளின் பதிவேடுகளையும் பிரித்துப் பார்த்தார்கள். பறக்காத நேரத்தைப் பறந்ததாக எழுதிய கணக்குகள் வெளிப்பட்டன. சில இடங்களில் விமானம் கொட்டகையைவிட்டு வெளியே வராமலே ஆகாயத்தில் திரிந்திருக்கிறது! இதற்குக் கையெழுத்திட்டவன் திருடனைவிடக் கெட்டவன் என்று நினைக்கிறேன். திருடன் கொண்டுபோனது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். இவன் கையெழுத்தினால் யாருடைய குழந்தைகள் எந்த இரவில் எங்கே விழுவார்கள் என்பது இவனுக்கே தெரியாது. பரீட்சையில் தோல்வி போட்ட அதிகாரியை மாணாக்கர்கள் அந்தக் காலத்தில் ராக்ஷஸன் என்று திட்டுவார்கள். திட்டியவர்களில் பலர் பிற்காலத்தில் பேரன் பேத்தி எடுத்துச் சுகமாக இருந்தார்கள்.

நம் பெரியவரின் ஊருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எண்ண வேண்டாம். கம்பைநல்லூர் 1965 வரையில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. பிறகு தர்மபுரி ஜில்லா. 2004-இல் கிருஷ்ணகிரி பிரியும்வரை ஓசூரும் அதே தர்மபுரி ஜில்லாதான். அந்த ஓசூருக்குப் பக்கத்தில் பெலகொண்டபள்ளி என்ற கிராமத்தில் ஒரு தனியார் கம்பெனி ஓடுபாதையும் தொழிற்சாலையும் அமைத்தது. பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்தார் திட்டமிட்டு 1993-இல் முதலில் பறக்கவிட்ட 'ஹம்ஸா' என்ற இரண்டு ஆசனப் பயிற்சி விமானத்தை அங்கேதான் கட்டினார்கள். கேழ்வரகும் மாங்காயும் விளைகிற சீமையில் விமானமும் விளைந்திருக்கிறது! பத்துப் பதினைந்துக்குமேல் கட்டப்படவில்லை என்பதுதான் குறை. ஹம்ஸாவின் புதிய உருவம் 2021 செப்டம்பரில் பறந்தது.

பேத்தி கற்றுக்கொள்ளத் தூரதேசம் போக வேண்டும் என்பதும் இல்லை. ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் 1993-இல் ஏற்பட்ட சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளிக்கு 2022-இல் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தொழில்முறை விமானியின் உரிமத்துக்குப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வைத்தியப் பரீட்சை, எழுத்துப் பரீட்சை எல்லாம் தேற வேண்டும். முடிவில், டி.ஜி.ஸி.ஏ. என்று வழங்கும் மத்திய இயக்குநரகம் ஒப்புக்கொண்ட பரீட்சாதிகாரி ஒருவர் பக்கத்தில் ஏறி உட்காருவார். அவர் கை எப்போது த்ராட்டிலை நோக்கி நகரும் என்று சொல்லமாட்டார். செலவு மட்டும் ஒரு வீட்டின் விலை ஆகும் என்பதைப் பாட்டியாரிடம் பெரியவரே பக்குவமாகச் சொல்லிக்கொள்ள வேண்டியது.

பணம் கட்டுவதற்குமுன் பள்ளிக்கு ஒரு தடவை நேரில் போய்வரட்டும். சுவரில் மாட்டியுள்ள படங்களைப் பார்க்க வேண்டாம். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்கவும் வேண்டாம். நேற்று எத்தனை பறந்தன என்று கேட்கட்டும். யந்திரம் பழுது பார்க்கிறவர்களோடு ஒரு டீ சாப்பிடட்டும். கடைசிப் பரீட்சையில் தோற்றவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்து, ஒருவருமில்லை என்று பதில் வந்தால், எழுந்து வந்துவிடட்டும். கூடுமானால் மேகம் கவிந்த நாளாகப் பார்த்துப் போவது நலம். பெற்றோர்கள் நெருக்கி, மாணாக்கர்கள் முணுமுணுத்து, நிர்வாகியும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, "இன்றைக்குப் பறக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் உபாத்தியாயர் யாராவது அங்கே இருந்தால், அவர் பெயரைக் குறித்துக்கொண்டு வரட்டும்.